தொண்ணூற்று நாலு மதிப்பெண் தூக்கம்

கிரேன் ஓட்டுகிறவருக்குப் 'பருந்து' என்று பெயர் வைத்தது அவருடைய மனைவியின் தம்பி. அவனுக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை. தான் வெயிலில் மண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அக்கா புருஷன் மட்டும் கோபுரக் கிரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எல்லோருடைய தலையையும் எண்ணிக்கொண்டிருக்கிறாரே என்ற வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். அது ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

மச்சினன் கீழே நிற்கும் சிக்னல்காரன். கொக்கியில் எதை மாட்டுவது, எங்கே இறக்குவது, எப்போது நிறுத்துவது என்று கையாலும் வாக்கி-டாக்கியாலும் மேலே சொல்வது அவன் பொறுப்பு. கீழே நடப்பதில் பாதி மேலே இருப்பவருக்குத் தெரியாது, கட்டடமே மறைத்துவிடும். அப்போதெல்லாம் மச்சினனுடைய வாய்தான் பருந்துக்குக் கண். அந்த வாயும் லேசுப்பட்டதல்ல. காலையில் வாக்கி-டாக்கியை எடுத்ததும் முதல் வார்த்தையாக, "மாமா, முழிச்சிருக்கீங்களா?" என்பான். "உன் தொல்லையில எவன்டா தூங்குவான்?" என்பார் இவர். அதற்குப் பிறகுதான் அங்கே வேலை தொடங்கும்.

வாக்கி-டாக்கியில் பேச ஒரு விதி உண்டு. கீழே இருப்பவன் "நிறுத்து" என்றால், மேலே இருப்பவர் "நிறுத்திட்டேன்" என்று அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் "சரி" செல்லாது. சரி சொல்ல மூளை வேண்டியதில்லை என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் வைத்த விதி அது. ஆனால் இவர்கள் மாமனும் மச்சினனும் ஆயிற்றே! பெண் எடுத்த வீட்டுப் பையனிடம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பதா என்று அவருக்கு வீம்பு. மாமாவைப் பார்த்து "திருப்பிச் சொல்லுங்க" என்று அதட்டுவதா என்று இவனுக்குக் கூச்சம். மற்ற சிக்னல்காரர்களோடு விதி தவறாமல் பேசுகிறவர், மச்சினனோடு மட்டும் "சரி"யிலேயே காலத்தை ஓட்டினார். இத்தனை வருஷத்தில் அதனால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதற்கு 'டிரம் பார்க்கிறது' என்று பெயர். பாதியாக வெட்டிய தார் டிரம் ஒன்றைக் கிரேனுக்குக் கொஞ்ச தூரத்தில் வைத்திருப்பார்கள். காலையில் கூண்டில் ஏறியதும் வெறும் கொக்கியை இறக்கி, விளிம்பில் படாமல் டிரம்முக்குள் விட்டு, படாமல் வெளியே எடுக்க வேண்டும். யாரும் சிக்னல் கொடுக்கக் கூடாது. சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் வேலையை ஆரம்பிக்கலாம். 'டங்' என்று கேட்டால் ஓட்டுகிறவர் பேசாமல் இறங்கி வந்துவிடுவார், மாற்று ஆள் ஏறுவார். காய்ச்சலா, வீட்டில் சண்டையா, நேற்றுப் போட்ட சரக்கு இன்னும் இறங்கவில்லையா, தூக்கமில்லையா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். டிரம்முக்குக் காரணம் வேண்டாம். ஆளுடைய மானமும் போகாது.

பிறகு பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. முன்பு வேலை பார்த்த இடத்தில், தூங்கி வழிந்துகொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர் கம்பிக் கட்டை இரண்டு பேர் மேல் இறக்கியதைக் கண்ணால் பார்த்தவர். அதிலிருந்து அவருக்கு மனிதர்களுடைய பேச்சில் நம்பிக்கை போய்விட்டது. அந்த ஓட்டுநரும் அன்று காலையில் "நல்லா தூங்கினேன் சார்" என்றுதான் சொன்னாராம். அதனால் அதிகாரி ஆளுக்கொரு கறுப்பு ரப்பர் பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிட்டார். மணி காட்டாத வாட்ச் அது. இரவெல்லாம் நாடி பார்த்து, அசைவு பார்த்து, விடிந்ததும் அதிகாரியின் போனுக்கும் மாட்டியிருப்பவரின் போனுக்கும் ஒரு மதிப்பெண் அனுப்பிவிடும். எழுபதும் அதற்கு மேலும் என்றால் பச்சை, ஏறலாம். குறைந்தால் சிவப்பு, வீட்டுக்குப் போகலாம். டிரம்மை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். டீ குடித்த காகிதக் கோப்பைகள் அதில் விழத் தொடங்கின.

முதலில் அடிபட்டவர் மாற்று ஓட்டுநர். ஆள் நல்ல வாட்டசாட்டம். படுத்த மறு நிமிஷம் குறட்டை. ஆனால் தூக்கத்தில் உருளுவார். சுவர் ஓரமாகப் படுத்தவர் விடியும்போது கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். வாட்ச்சுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் சிவப்பு.

"பொணம் மாதிரி தூங்குறேன் சார்!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பொணம் உருளாதுண்ணே. அங்கதான் மார்க் போகுது" என்றான் மச்சினன்.

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரமே அவரைக் கிடங்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கிரேனுக்குப் பருந்து ஒருவர்தான் மிச்சம்.

பருந்துக்கோ எப்போதும் பச்சை. அதுவும் சாதாரணப் பச்சை இல்லை. தொண்ணூறு, தொண்ணூற்று இரண்டு என்று ஏறி ஒருநாள் தொண்ணூற்று நாலைத் தொட்டது. வாசலில் உள்ள திரையில் அவர் படத்தைப் போட்டு 'இன்றைய நல்லுறக்கம்' என்று காட்டினார்கள். மச்சினன் தலைக்கவசத்தைக் கழற்றி, ராஜாவுக்குச் சலாம் வைப்பதுபோல் வைத்தான். பருந்து சிரிக்க முயன்றார். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த இரவு முழுக்க அவர் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை.

காரணம் வீட்டில் இருந்தது. கல்யாணமாகி ஒன்பதாவது வருஷத்தில் தவமாய்த் தவமிருந்து பிறந்த பெண் குழந்தை. பிறந்து மூன்று மாதம். பகலெல்லாம் பொம்மை மாதிரி கிடக்கும். இருட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். தொட்டிலில் அழும், பாயில் அழும், அம்மா மடியிலும் அழும். அப்பாவின் மார்பில் குப்புறப் போட்டால் மட்டும் அடங்கும். அவர் ஒரு விரலை அசைத்தாலும் வீறிட்டு எழுந்துவிடும். மனைவிக்கு வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவம். தையல் ஒருமுறை பழுத்து, இப்போதுதான் தேறி வருகிறாள். அவள் தூங்கட்டும் என்று பருந்து மல்லாந்து படுத்து, மார்பில் குழந்தையைச் சுமந்துகொண்டு, விடியும் வரை மரக்கட்டையாகக் கிடந்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட ஓட்ட மாட்டார். இப்படி எத்தனை வாரம் ஓடிற்று என்பது அவருக்கே கலங்கலாகிவிட்டது.

அசையாத உடம்பு, அமைதியான மூச்சு. வாட்ச் அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொண்டு மதிப்பெண்ணை வாரி வழங்கியது.

"நீங்க தூங்கவே இல்லீங்க. எனக்குத் தெரியாதா உங்க மூச்சு?" என்றாள் மனைவி.

"அதுல தொண்ணூற்று நாலுன்னு வந்திருக்கே."

"அது உங்க பக்கத்துல ஒன்பது வருஷம் படுத்திருக்கா, நான் படுத்திருக்கேனா?"

அவர் அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அதிகாரி அன்பாகத்தான் உட்காரவைத்துப் பேசினார்.

"நெறைய பேருக்கு இது இருக்கு. நல்லா தூங்கியிருப்பாங்க, ஆனா ராத்திரி முழுக்க முழிச்சிருந்த மாதிரியே தோணும். டாக்டர்களே சொல்றாங்க. நீங்க தூங்கிட்டுத்தான் இருந்தீங்க. முழிச்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டே தூங்கியிருக்கீங்க."

தைரியம் சொல்லத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் பருந்தின் காதில் புகுந்த எறும்பாகிவிட்டது. முழிச்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டே தூங்கியிருக்கீங்க. அன்றைக்குக் கூண்டுக்கு ஏறி, கைப்பிடிகளைப் பிடித்து, கீழே சிமெண்ட் சட்டி சுமந்து போகிறவர்களைப் பார்த்தபோது அவருக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அப்படியானால் இப்போது?

குழந்தையின் முதுகு ஏறி இறங்கியதையும், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்ததையும், எதிர்வீட்டுக்காரர் விடியற்காலையில் இருமியதையும் விழித்திருந்து கேட்டதாகத்தானே சத்தியம் செய்கிறார்? அதெல்லாம் தூக்கம் என்றால், இதோ இந்த வெயிலும், கண்ணாடியில் படிந்த தூசியும், கொக்கியில் தொங்கும் பலகைக் கட்டும் மட்டும் விழிப்பு என்று எப்படித் தெரியும்? உதட்டைக் கடித்துப் பார்த்தார். வலித்தது. ராத்திரியும் முதுகு வலிக்கத்தானே செய்தது. கீழே உள்ள மஞ்சள் தலைக்கவசங்களை எண்ணினார். கனவிலும் எண்ணலாமே என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவர் உயரத்துக்குப் பயந்ததில்லை. காற்றுக்கும் பயந்ததில்லை. இப்போது தன் இரண்டு கண்ணுக்குப் பயந்தார்.

அதற்குப் பிறகு தினமும் அந்தப் பயம் அவருக்கு முன்னால் ஏணி ஏறி, கூண்டில் போய் உட்கார்ந்துகொண்டது. சாப்பாட்டுக்கு இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வருவார். "என்ன மாமா, கிழடு தட்டிடுச்சா?" என்பான் மச்சினன். விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று இவருக்குத் தோன்றும். சொன்னால் அவன் சிரிப்பான். சிரிக்காவிட்டால் அது இன்னும் பயம்.

மனைவி சும்மா இருக்கிற ரகம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாட்ச்சைக் கழற்றி வாங்கித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். நாற்காலியில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். குழந்தை அப்படியே அவள் கையில் தூங்கிப்போக, அசையாமல் உட்கார்ந்து, அடுப்படி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அலமாரி ஒன்றை மாடிக்கு ஏற்ற முடியாமல் திண்டாடியதை முழுக்க வேடிக்கை பார்த்தாள். அவர்களுக்குள் யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம். சாயங்காலம் பருந்தின் போனில் வந்து நின்றது: நல்ல பகல் தூக்கம், பாராட்டுகள்.

"பாத்தீங்களா? சும்மா இருந்தா தூக்கம்னு போடுது. சுவத்துல மாட்டியிருந்தா சுவரும் தூங்கிச்சுன்னு சொல்லும்" என்றாள்.

அவளுக்கு ஜெயித்த சந்தோஷம். பருந்துக்கு அது இல்லை. வாட்ச் சொன்னது சரியென்றால், தான் எப்போது விழித்திருக்கிறோம் என்பதே தனக்குத் தெரியாது. வாட்ச் சொன்னது தப்பென்றால், இத்தனை வாரமாகத் தூக்கமே இல்லாத ஒருவன் ஆட்களுடைய தலைக்கு மேல் டன் கணக்கில் கல்லையும் கம்பியையும் ஆட்டிக்கொண்டிருக்கிறான். இதில் எதை நம்பினாலும் கீழே நிற்பது மச்சினன். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால், குழந்தையை எந்த முகத்தோடு அவளிடமிருந்து வாங்குவது?

திங்கட்கிழமை காலையில் மறுபடியும் அதிகாரியின் அறைக்குப் போனார். மனைவி செய்த சோதனையைச் சொன்னார். அதிகாரி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பிள்ளை பெத்த உடம்பு. பால் குடுக்கும்போது அவங்களும் கண் அசந்திருப்பாங்க. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

"அலமாரி ஏத்தினதைப் பூரா பாத்திருக்கா சார்."

"அப்படித் தோணியிருக்கும்."

எதைச் சொன்னாலும் விழுங்கிவிடுகிற பதில் அது. "இன்னைக்கு ஏற வேண்டாம்னு பாக்குறேன் சார்" என்றார் பருந்து கடைசியாக.

அதிகாரி போனைத் திருப்பிக் காட்டினார். இன்றைக்கும் தொண்ணூற்று நாலு. "சிவப்பு வந்தவன் ஏறுறேன்னு அடம்பிடிச்சிருக்கான், பாத்திருக்கேன். பச்சையை வெச்சுக்கிட்டு ஏற மாட்டேன்னு சொல்ற மொத ஆள் நீங்கதான். மேலிடத்துல என்னன்னு சொல்றது? வேலைக்கு மனசில்லன்னுதான் எடுத்துப்பாங்க. படிக்கட்டுத் துண்டு ஏத்திக்கிட்டு லாரி வாசல்ல நிக்குது. மாத்தறதுக்கும் ஆள் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேத்து எனக்கு அறுபத்தொண்ணு. நான் என்ன வீட்லயா உக்காந்திருக்கேன்? மனுஷன் பொய் சொல்லுவான், மனசும் பொய் சொல்லும். இது சொல்லாது. நம்பிப் போங்க."

நம்பப் பருந்துக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதை ஒளித்துப் பயனில்லை. தூங்கியிருக்கிறாய், பயப்படாதே என்று ஒருவர் அடித்துச் சொல்லும்போது, களைத்த மனசு அந்தச் சொல்லின் மேல் சாய்ந்துகொள்ளத்தான் பார்க்கிறது. அவர் போய் ஏணியில் ஏறினார்.

"மாமா, முழிச்சிருக்கீங்களா?"

"உன் தொல்லையில எவன்டா தூங்குவான்?"

படிக்கட்டுத் துண்டு என்பது வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பாளம். ஒவ்வொன்றும் யானை எடை. லாரியிலிருந்து தூக்கி, கட்டடத்தைச் சுற்றிக் கொண்டுபோய், நாலாவது மாடியில் விட்டிருக்கும் இடைவெளியில் பிசகாமல் உட்கார்த்த வேண்டும். பாளம் சுற்றிவிடாமல் பிடிக்க அதன் ஒரு முனையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். முதல் துண்டு நல்லபடியாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதைக் கொக்கியில் மாட்டினார்கள். "தூக்குங்க மாமா" என்றான் மச்சினன். பருந்து தூக்கினார். லாரியின் தட்டு நிமிர்ந்தது. பாளத்தின் நிழல் சாலையில் விழுந்து, வேலியைத் தாண்டி, மெல்ல உள்ளே வந்தது. கண்ணாடியில் வெயில் இதமாக இருந்தது.

"மாமா! ரொம்பத்தான் நக்கல் உங்களுக்கு!"

பருந்து பார்த்தார். பாளம் கட்டடத்தின் பின்பக்கத்தில் மூன்றாவது மாடித் தளத்துக்கு மேல், தொங்கின நிலையில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நிழல் வேலியைத் தாண்டியது அவருக்கு நினைவிருந்தது. கட்டடத்தைச் சுற்றியது நினைவில்லை. பின்பக்கம் வந்தது நினைவில்லை. வலது கை கைப்பிடியின் மேல் வெறுமனே கிடந்தது.

"என்னடா?" என்றார்.

"என்னவா? பாளத்தோடவே மூணாவது மாடிக்கு ஏறி வந்தேன். கயிறு சாரத்துல மாட்டிக்கிச்சு, நிறுத்துங்கன்னேன். சரின்னீங்க. நான் கீழ பூந்து கயித்தை எடுத்துட்டு நிமிந்தா, தலைக்கு ஒரு முழம் மேல வந்து நிக்குது. வெளையாடுற வெளையாட்டா மாமா இது?"

"நான் சரின்னேனா?"

வாக்கி-டாக்கி கொரகொரத்தது.

"சொன்னீங்களே மாமா. என் காதால கேட்டேன்."

பருந்துக்குக் கூண்டைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓட முடியாது. யானை எடை அவர் கையில் தொங்குகிறது. அதை எங்காவது வைத்தாக வேண்டும். வைக்க வேண்டிய கை இப்போது உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல அந்த உயரத்தில் யாரும் இல்லை.

"மாப்ள, நல்லாக் கேளு. அந்தத் தளத்துல ஒருத்தர் இருக்கக் கூடாது. எல்லாரையும் வெளிய அனுப்பு. நீயும் வெளிய போ. தூரத்துல நின்னு சொல்லு. நீ சொல்றதை நான் திருப்பிச் சொல்லுவேன். நான் திருப்பிச் சொல்லலைன்னா கத்து."

"மாமா, என்னாச்சு?"

"போன்னா போடா!"

மச்சினன் போனான். பிறகு முதன்முறையாக இருவரும் விதிப்படி பேசினார்கள்.

"மெதுவா எறக்குங்க."

"மெதுவா எறக்குறேன்."

"நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன்."

"இடது பக்கம் ஒரு அடி."

"இடது பக்கம் ஒரு அடி."

ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லும்போது பருந்துக்கு அழுகை முட்டியது. இவ்வளவுதானே, இதைச் சொல்ல என்ன வீம்பு என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. பாளம் மூன்றாவது மாடித் தளத்திலேயே பலகைகளின் மேல் உட்கார்ந்தது. சங்கிலி தளர்ந்தது. கொக்கியைக் கழற்றினார்கள்.

"டிரம்மை இழுத்துப் போடு" என்றார் பருந்து.

மச்சினன் கீழே ஓடிப்போய், டீக் கோப்பைகளைக் கொட்டிவிட்டு, டிரம்மை இழுத்து வெட்டவெளியில் வைத்துவிட்டு விலகி நின்றான். சட்டி சுமந்தவர்கள் நின்றார்கள். கம்பி வளைத்தவர்கள் நிமிர்ந்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு டிரம் வந்திருக்கிறதே என்று கிடங்கிலிருந்து பழைய மாற்று ஓட்டுநரும் எட்டிப்பார்த்தார். கொக்கி இறங்கியது. பருந்து கண்ணை அகல விரித்து, மூச்சைப் பிடித்து, தான் கற்ற வித்தையையெல்லாம் அந்த ஒரு இறக்கத்தில் வைத்தார்.

டங்.

விளிம்பில் பட்ட கொக்கி டிரம்மைச் சாய்த்து உருட்டிவிட்டது. அது வேலிவரை உருண்டு போய் நின்றது.

ஏணியில் இறங்குவது அன்றைக்கு முடியவே முடியாத வேலையாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் கையை விடுவதற்கு முன், நான் இறங்கிக்கொண்டிருக்கிறேன் என்று சத்தமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கீழே வந்து சேர்ந்தபோது சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது. அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு வேலையை நிறுத்தினீங்க? தொண்ணூற்று நாலு வந்த ஆளு நீங்க! இந்த டிரம் கதையெல்லாம்..."

அவர் கையில் இருந்த போன் மணி அடித்தது. பேச்சை நிறுத்திப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். போனைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் மச்சினன் எட்டிப் படித்துவிட்டான்.

சற்று முன் ஒரு குட்டித் தூக்கம் பதிவாகியிருந்தது. முதலில் லேசான தூக்கம். பிறகு ஆழ்ந்த தூக்கம். பக்கத்தில் பச்சை வட்டத்தில் ஒரு கை தட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தூக்கத்துக்காக இரண்டு மதிப்பெண் கூட்டி, இப்போது தொண்ணூற்று ஆறு.

"இது... சும்மா உக்காந்திருந்தாலும் சில நேரம் இப்படிக் காட்டும்" என்றார் அதிகாரி. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். காலையில் மனைவி செய்த சோதனை என்று பருந்து வந்து சொன்னதும் அதுதான். அவர் பக்கத்தில் கிடந்த செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மச்சினன் இன்னும் அந்த இரண்டு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தால்தான் கிரேன் நகரும், பிடி தளர்ந்தால் நின்றுவிடும் என்பது சிக்னல்காரனுக்குத் தெரியாதா? பதிவில் இருந்த நேரத்தைப் பார்த்தான். ஆழ்ந்த தூக்கம் தொடங்கிய நேரத்தைப் பார்த்தான். அவன் கை தானாகத் தலைக்குப் போய், தலைக்கவசத்தைத் தடவியது.

"மாமா" என்றான். "என் தலைக்கு மேல வந்து நின்னுச்சே, அப்ப நீங்க நிறுத்தலையா?"

பருந்தும் போனில் இருந்த அந்த நேரங்களைப் பார்த்தார். சரி என்று சொன்னபோது தூக்கம் லேசாக இருந்தது, கை பிடித்தபடி இருந்தது, பாளம் இறங்கியது. தூக்கம் முற்றியபோது கை விட்டது, பாளம் நின்றது. அந்த லேசான தூக்கம் இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருந்தால், இந்தப் பையன் இல்லை.

அவர் வாட்ச்சைப் பிடுங்கி எறியவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மச்சினனுடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்ததோ என்னவோ, அதுவும் நிச்சயமில்லை.

"மாப்ள, இப்ப நான் முழிச்சிருக்கேனாடா?"

தினமும் காலையில் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தவன் அவன். இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. குனிந்து அவருடைய முகத்தைத் தன் இரண்டு கையிலும் ஏந்தி, கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தான்.

"தெரியல மாமா" என்றான்.